விலைக்கு வாங்கிய பெயரும் விடுபட்ட பெயர்களும்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு இரண்டு ஸ்கோபஸ் பேப்பர் (ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள ஜர்னலில் வந்த கட்டுரை) காட்டினால்தான் இன்க்ரிமென்ட். போன மாதம் எங்கள் எச்.ஓ.டி. ஒரு ஏஜென்டின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து, ஒரு பேப்பரில் எல்லாரும் ஆளுக்கொரு ஸ்லாட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்றாவது ஆதர் இடத்துக்கு 20,000 ரூபாய். பாதியை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டேன். புற்றுநோய் செல்களை மூலிகைச் சாற்றில் செய்த நானோ துகள்கள் எப்படித் தாக்குகின்றன என்பது பற்றிய பேப்பர். எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது ரிவிஷனில் இருக்கிறதாம். மீதிப் பணம் கேட்கிறார்.

என் சொந்த வேலை வேறு. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரின் உயரத்தை அளக்கும் மலிவு விலை சென்சார். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இரண்டு பருவமழையில் ஃபைனல் இயர் மாணவர்கள் இரண்டு பேர் போய் டேட்டா எடுத்துக் கொடுத்தார்கள். எழுதி ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன். நாலே நாளில் ஆக்செப்டன்ஸ் வந்துவிட்டது. சந்தேகப்பட்டு வேண்டாம் என்றால், வித்ட்ராயல் ஃபீஸ் 150 டாலர் கேட்கிறார்கள். அந்தப் பேப்பரில் என் பெயர், கைடு பெயர் தவிர எச்.ஓ.டி., பிரின்சிபால் பெயர்களையும் சொன்னபடி சேர்த்திருக்கிறேன்.

எல்லாரும் செய்வதுதானே என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன், தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்டுக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்த 10,000 போனது போகட்டும். அதைத் திரும்ப வாங்க அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கட்டுரை இன்னும் அச்சாகவில்லை என்பதுதான் இப்போது உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. அச்சாவதற்கு முன்னால் ஒரு பெயரை எடுப்பது எடிட்டருக்கும் ஆதர்களுக்கும் இடையில் முடிந்துவிடக்கூடிய காரியம். அச்சான பிறகு அதே காரியம் ஊரறிய நடக்கும். திருத்த அறிவிப்பு வெளியாகும், அல்லது கட்டுரையையே செல்லாது என்று அறிவித்துத் திரும்பப் பெறுவார்கள், அதாவது ரிட்ராக்ட் செய்வார்கள்; இரண்டிலும் உங்கள் பெயர் இருக்கும். அதனால் இதை இந்த வாரமே செய்ய வேண்டும்.

ஜர்னலின் பெயரும் கட்டுரையின் எண்ணும் உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் இல்லை, ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பல ஜர்னல்கள் கட்டுரை வந்து சேர்ந்ததும் எல்லா ஆதர்களுக்கும் ஒரு மெயில் அனுப்பும். ஸ்பாம் பெட்டி உட்பட உங்கள் மெயில் முழுவதும் தேடிப் பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால், உங்கள் பெயரில் வேறு யாரோ ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். நான் எடிட்டராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்து ஆதர், ஐந்து ஊர், ஐந்து துறை. ஐந்து பேருக்கும் பெயரோடு நாலு எண் சேர்த்த புத்தம் புது ஜிமெயில் முகவரி, ஒருவருக்கும் கல்லூரி முகவரி இருக்காது. ஜர்னல் கேட்கும் எந்தக் கேள்வியும் உண்மையான ஆட்களிடம் போய்ச் சேரக்கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. கட்டுரையை மதிப்பிடும் ரிவியூவர்களுக்கு உங்கள் பெயரில் பதில் எழுதுவதும் அந்த ஆள்தான்.

கட்டுரை எண்ணை ஏஜென்டிடமே கேளுங்கள். உங்கள் பெயர் போட்ட கட்டுரை எங்கே போயிருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் மழுப்பினால், கூட ஸ்லாட் வாங்கிய சக ஆசிரியர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

எண் கிடைத்ததும் அந்த ஜர்னலின் சீஃப் எடிட்டருக்குக் கல்லூரி மெயில் முகவரியிலிருந்து எழுதுங்கள். நீளம் வேண்டாம். இந்த எண் உள்ள கட்டுரையில் ஆதராக என் பெயர் இருக்கிறது. இந்த ஆய்வில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ஆதர் இடம் தரும் ஒருவர் மூலம் என் பெயர் சேர்க்கப்பட்டது, அதற்கு நானும் சம்மதித்தேன். என் பெயரை நீக்குங்கள், கட்டுரையை விசாரியுங்கள். இவ்வளவு போதும்.

‘சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன்’ என்று எழுதத்தான் கை போகும். அப்படி எழுதாதீர்கள், அம்மா. 1997-ல் பிரிட்டனில் மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ‘கோப்’ என்ற வெளியீட்டு நெறிக் குழு இருக்கிறது. இன்று உலகம் முழுவதும் உள்ள ஜர்னல்கள் அதில் உறுப்பினர்கள். எந்தச் சிக்கலுக்கு எடிட்டர் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று அது படம் போட்டே கொடுத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். அச்சாகும் முன் ஒரு ஆதர் பெயரை எடுக்கக் கேட்டால், எடிட்டர் காரணம் கேட்க வேண்டும், எல்லா ஆதர்களின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறது அந்த நெறி. நீங்கள் ‘சொந்தக் காரணம்’ என்றால் என்ன ஆகும்? அந்தப் புத்தம் புது ஜிமெயில் முகவரிகளிலிருந்து சம்மதம் உடனே வந்துவிடும். உங்கள் பெயர் போகும், கட்டுரை வெளிவரும், காலியான இடத்தை வேறொருவருக்கு விற்பார்கள். உண்மையைச் சொன்னால் எடிட்டர் கட்டுரையை நிறுத்தி வைத்து முழுவதையும் பார்ப்பார்.

உண்மையைச் சொல்வதில் ஆபத்தே இல்லை என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். எடிட்டர் உங்கள் கல்லூரிக்கு எழுதலாம். கூட வாங்கியவர்கள் கோபப்படுவார்கள், எச்.ஓ.டி. முகம் மாறும். அதனால் மெயில் போகும் முன் உங்கள் கைடை நேரில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். வெளியார் மூலம் அவருக்குத் தெரிவதும் நீங்களே போய்ச் சொல்வதும் ஒன்றாகாது. ஆராய்ச்சி நேர்மைக்காகப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-ல் கொண்டுவந்த விதிகள் பெரும்பாலும் பிளேஜியரிசம் என்ற எழுத்துத் திருட்டு பற்றியவை என்றாலும், துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என இரண்டை ஒவ்வொரு கல்வி நிறுவனமும் அமைக்கச் சொல்கின்றன. துறைக் குழுவுக்குத் தலைவர் எச்.ஓ.டி.யே. உங்கள் விஷயத்தில் அங்கே போய்ப் பயனில்லை. நிறுவனக் குழுவில் வெளியாள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பேச வேண்டி வந்தால் அங்கே பேசுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்க வேண்டாம். ஏஜென்ட் மிரட்டினால் பதிலுக்குப் பேசாதீர்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வெளியே வர வேண்டும் என்று உங்கள் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். உங்கள் கட்டுரை எங்கே தயாராகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கேட்க மாட்டார்கள். இதை மொத்தமாகத் தயாரித்து விற்கும் ஆட்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பேப்பர் மில் என்று இந்தத் தொழிலுக்கே பெயர் வந்துவிட்டது. ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வைலி நிறுவனம் 2021-ல் வாங்கியது. அதன் சிறப்பிதழ்கள் வழியாக இந்த மில் சரக்கு குவியல் குவியலாக நுழைந்திருப்பது பிறகு தெரிந்தது. 2023-ல் மட்டும் ஹிந்தாவி ஜர்னல்களில் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ரிட்ராக்ட் செய்தார்கள். அந்த ஒரே ஆண்டில் உலகம் முழுவதும் ரிட்ராக்ட் ஆனவை 10,000-ஐத் தாண்டின. கடைசியில் ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட்டது. அந்தக் கட்டுரைகளில் இந்தியக் கல்லூரிகளின் பெயர்களும் இருந்தன. ஸ்லாட் வாங்கும்போது ‘இது பெரிய பப்ளிஷர், பயப்படாதீங்க’ என்று அவர்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

மாட்டிக்கொள்ளும் விதம் எளிமையானது. உங்கள் ஏஜென்ட் ‘பிளேஜியரிசம் பத்து சதவீதத்துக்குக் கீழே கேரன்டி’ என்று நிச்சயம் சொல்லியிருப்பார். 10 சதவீதம் வரையான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்று யு.ஜி.சி. விதியில் இருப்பதால் அந்த எண். எங்கிருந்தோ எடுத்த பத்தியை மென்பொருளில் போட்டு வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் எண் இறங்கிவிடும். ஆனால் துறைச் சொற்களும் சேர்ந்து மாறிவிடும். பிரெஸ்ட் கேன்சர் ‘பூஸம் பெரில்’ ஆகிவிடும், ஆர்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ் ‘கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’ ஆகிவிடும். பிரான்ஸில் துலூஸ் நகரத்துக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய கூட்டாளிகளும் இந்த மாதிரிச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்களைத் திரட்டி, வெளிவந்த கட்டுரைகளில் அவற்றைத் தேடிப் பிடிக்கும் ஒரு கருவியை 2021 முதல் நடத்துகிறார்கள். கட்டுரை வெளிவந்து வருடங்கள் கழித்தும் அந்தத் தேடல் அதைத் தொடும். ரிட்ராக்ட் ஆன கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த முத்திரை விழும். 2010-ல் தொடங்கிய ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் திரட்டிய பட்டியலில் இன்று 50,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. 2023 முதல் அந்தப் பட்டியல் முழுவதையுமே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், ஆதர் பெயரைப் போட்டு யாரும் தேடலாம். உங்களை வேலைக்கு எடுக்கப்போகும் அடுத்த கல்லூரியும் தேடும். 2025 முதல் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் ரிட்ராக்ட் ஆன கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். நேற்று வரை இப்படிக் கட்டுரை கேட்ட நிர்வாகங்களே நாளை உங்களிடம் விளக்கம் கேட்கும்.

ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் மட்டும் நீங்கள் வெளியே வரக்கூடாது. 2020 மே மாதம், கொரோனா உச்சத்தில், லான்செட் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகளில் 96,000 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததாகவும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தவர்களில் சாவு அதிகம் என்றும் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் சில நாட்களிலேயே தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பகுதியை நிறுத்தி வைத்தது. டேட்டா முழுவதும் சர்ஜிஸ்ஃபியர் என்ற ஒரு சிறிய அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வந்தது. கேள்விகள் கிளம்பி, மூல டேட்டாவைத் தனியாகச் சரிபார்க்கக் கேட்டபோது அந்த நிறுவனம் கொடுக்க மறுத்துவிட்டது. நான்கு ஆதர்களில் மூன்று பேர், டேட்டாவின் உண்மைக்கு இனி எங்களால் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லி ஜூன் 4-ஆம் தேதி கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகளின் பெயர்கள் அதில் இருந்தன. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருந்தைப் பற்றி, தாங்கள் கண்ணால் பார்க்காத டேட்டாவுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

ஆதராகப் பெயர் போடுவது, முன்பின் தெரியாதவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது போன்றது. கேள்வி வரும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு, ஆதர் என்று சொல்லிக்கொள்ள நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ டேட்டாவை எடுப்பதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு. எழுதுவதிலோ அறிவோடு திருத்துவதிலோ பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தாலும் பதில் தேடித் தரும் பொறுப்பு. நான்கும் இருக்க வேண்டும். நான்காவதை 2013-ல்தான் சேர்த்தார்கள். பெயரை வாங்கிக்கொண்டு, தப்பு வெளியானதும் ‘அந்தப் பகுதி என் வேலை இல்லை’ என்று நழுவியவர்கள் அதிகம் என்பதால் வந்த நிபந்தனை அது. மருத்துவத்துக்காக எழுதினாலும் பொறியியல் ஜர்னல்கள் பலவும் ஏறக்குறைய இதையே கேட்கின்றன. அந்த நானோ துகள்களைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வீர்கள்? செல்களை எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள், எந்த அளவு கொடுத்தார்கள், அந்தப் படங்கள் எந்த மைக்ரோஸ்கோப்பில் எடுத்தவை? எங்கேயோ ஒரு ஆய்வு மாணவி அதை உண்மை என்று நம்பித் தன் லேபில் செய்து பார்ப்பாள். வரவில்லை என்றால் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

இதே சென்னையில் சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து சிகிச்சைக்கு ஒரு மையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில் சேர்த்துத்தான் காசநோயைக் குணமாக்க முடியும் என்று உலகம் நம்பிய காலம். நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்து, இன்னொரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளிவந்தது. வீட்டுச் சிகிச்சை குணமாக்குவதில் குறைவில்லை, வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. அந்தக் கட்டுரையை நம்பித்தான் நாடு நாடாகச் சிகிச்சை முறையையே மாற்றினார்கள். அப்படி நம்புவதற்கு இருந்த ஒரே ஆதாரம், எழுதியவர்கள் பார்த்ததை எழுதினார்கள் என்பது. இந்த ஊரில் இருந்து போகும் கட்டுரைகளுக்கு அந்த நம்பிக்கை இனியும் வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

சரி, உங்கள் சென்சார் கட்டுரைக்கு வருகிறேன். நாலு நாளில் ஆக்செப்டன்ஸ் என்றால் யாரும் படிக்கவில்லை. தகுதியான ரிவியூவர் இரண்டு பேர் ஒப்புக்கொள்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். 2013-ல் சயின்ஸ் இதழுக்காக ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பெரிய பிழைகள் வைத்து எழுதிய போலிக் கட்டுரையை 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. உங்கள் கட்டுரையில் ஒன்றும் எழுதாமல் அனுப்பியிருந்தாலும் இந்த ஜர்னல் ஏற்றிருக்கும்.

வித்ட்ராயல் ஃபீஸ் கொடுக்க வேண்டாம். காப்பிரைட் படிவத்தில் கையெழுத்திடாமலும் பணம் கட்டாமலும் இருந்தால் உங்கள் கை வலுவாக இருக்கிறது. ‘இந்தக் கட்டுரையை நான் திரும்பப் பெறுகிறேன், வெளியிட எனக்குச் சம்மதம் இல்லை’ என்று தேதியோடு ஒரு மெயில் போடுங்கள், பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இந்தத் தந்திரம் பழையது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டபோது, கட்டணத்தை முன்கூட்டியே சொல்லாததோடு, கட்டுரையைத் திரும்ப வாங்க விடாமல் பிடித்து வைப்பதையும் குற்றச்சாட்டாக வைத்தது. 2019-ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. வேறு ஜர்னலுக்கு அனுப்பும்போது கவரிங் லெட்டரில் நடந்ததை நாலு வரியில் எழுதி, அந்த இரண்டு மெயில்களையும் இணையுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவது நெறி மீறல். இப்படி விளக்கத்தோடு வந்தால் எந்த நல்ல எடிட்டரும் அதை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். நான் எடுத்துக்கொண்டதில்லை. உங்கள் மெயிலையும் மீறி அவர்கள் தளத்தில் போட்டுவிட்டால், புதிய எடிட்டருக்கு அன்றே தெரிவியுங்கள்.

அடுத்த முறை அனுப்பும் முன் ஒரு சோதனை. ஜர்னலின் தளத்தில் போட்டிருக்கும் ஸ்கோபஸ் முத்திரையை நம்பாமல், ஸ்கோபஸின் தளத்தில் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதியில் நிறுத்திய ஜர்னல்கள் பழைய பெருமையில் பணம் வாங்கிக்கொண்டிருக்கும். நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. ஐ.எஸ்.எஸ்.என்., டி.ஓ.ஐ. இருப்பதும் தரத்துக்குச் சான்று ஆகாது, அவை வெறும் அடையாள எண்கள். ‘யு.ஜி.சி. அப்ரூவ்டு’ என்று இன்னும் போட்டிருந்தால் அங்கே போகவே வேண்டாம். யு.ஜி.சி. தன் பழைய பட்டியலிலிருந்து 2018-ல் 4,305 ஜர்னல்களைத் தூக்கியது. அப்புறம் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போது அப்படி ஒரு அங்கீகாரமே கிடையாது.

எச்.ஓ.டி., பிரின்சிபால் பெயர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதால் ஆதர் பட்டியலை முதலிலிருந்து எழுத உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. பல ஜர்னல்கள் இப்போது ஒவ்வொரு ஆதரும் என்ன செய்தார் என்று 14 தலைப்புகளின் கீழ் எழுதிக் கேட்கின்றன. அப்படிக் கேட்கும் ஜர்னலாகப் பார்த்து எடுங்கள். எடுத்த பிறகு எச்.ஓ.டி.யிடம் போய், ‘சார், ஒவ்வொருத்தரும் என்ன செஞ்சாங்கன்னு இந்த ஜர்னல்ல தனித்தனியா கேக்கறாங்க. உங்களுக்கு எதைப் போடட்டும்?’ என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு எதுவும் இதில் இல்லை. பலர் அந்த இடத்திலேயே ‘சரி, வேண்டாம் விடும்மா’ என்று சொல்லிவிடுவார்கள். லேப் வசதி கொடுத்ததற்குக் கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லுங்கள், பிரின்சிபாலுக்கும் அங்கேயே. கைடு உங்களோடு உட்கார்ந்து யோசித்திருந்தால், திருத்தியிருந்தால், அவர் பெயர் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, வருத்தப்படாதீர்கள். இரண்டு மழைக்காலம் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முழங்கால் தண்ணீரில் நின்று டேட்டா எடுத்த அந்த இரண்டு மாணவர்கள் எங்கே? உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறார்கள். ஆதர் பட்டியலில் இல்லை. ஒன்றும் செய்யாத இரண்டு பேருக்கு இடம் கிடைத்த பட்டியலில், செய்தவர்களுக்கு இடம் இல்லை. நம் கல்லூரிகளில் இது தினமும் நடக்கிறது, யாரும் தவறாகக்கூட நினைப்பதில்லை. ஏஜென்ட் விஷயத்தைவிட எனக்கு இது அதிகம் வலிக்கிறது.

நீங்கள் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தார்கள் என்றால் நன்றியில் பெயர் போடுவது போதும். ஆனால் அல்ட்ராசானிக் சென்சார் என்றால் வேலை அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. மிதக்கும் குப்பையையும் நுரையையும் அது தண்ணீரின் மேல்மட்டம் என்று படித்திருக்கும். காற்றின் வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகம் மாறி அளவு தவறும். அதை முதலில் கவனித்தது யார்? சென்சாரை எந்தக் கம்பத்தில், எந்த உயரத்தில் மாட்டலாம் என்று முடிவு செய்தது யார்? தவறான அளவுகளை எந்த அடிப்படையில் நீக்கினீர்கள், அதை யார் உட்கார்ந்து செய்தார்கள்? இதில் எதற்காவது பதில் அந்த மாணவர்கள் என்றால் அவர்கள் ஆதர்கள். கட்டுரையை எழுதவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்தவர்களுக்கு எழுத்திலும் திருத்தத்திலும் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும், வாய்ப்பே கொடுக்காமல் அதைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்பதும் அந்த மருத்துவ எடிட்டர் குழுவின் நெறியில் இருக்கிறது. படிப்பு முடிந்து போயிருப்பார்கள், போன் செய்யுங்கள். வரைவை அனுப்பி, திருத்தம் கேளுங்கள். டேட்டா எடுத்த நாட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், கட்டுரையும் நன்றாக வரும்.

இன்க்ரிமென்ட் விஷயம். இரண்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருந்து செய்யும் ஆய்வில் வருடத்துக்கு இரண்டு பேப்பர் எப்படி வரும்? இப்படி விதி போடும் நிர்வாகங்கள்தான் அந்த ஏஜென்ட்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றன, அதுவும் ஆசிரியர்களின் பையிலிருந்து எடுத்து. இந்தப் பத்தியைப் படிக்கும் பிரின்சிபால்களும் தாளாளர்களும் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்: வருடக் கணக்கை விடுங்கள், மூன்று வருடத்தில் ஒரு நல்ல கட்டுரை போதும் என்று சொல்லிப் பாருங்கள். பிஎச்.டி.க்கே, தீசிஸ் கொடுக்கும் முன் ஜர்னலில் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தாங்களாக வைத்திருக்கும் விதி வேறு, உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைக் கைடிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த வருட இன்க்ரிமென்ட் உங்களுக்குப் போகலாம். போகட்டும் என்று சுலபமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் இருக்கும். ஆனால் உங்கள் கையில் இருப்பது உண்மையான வேலை. சென்னையில் தெருவாரியாகத் தண்ணீர் ஏறிய அளவு 2015 வெள்ளத்தின்போது இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். அந்தக் கட்டுரைக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. சந்தா முறையில் வரும் ஜர்னல்கள் பலவும் ஆதர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெங்களூரு இந்தியன் அகாடமி ஆஃப் சயின்ஸஸ் நடத்தும் பொறியியல் ஜர்னலான ‘சாதனா’வைப் பாருங்கள். மாதக்கணக்கில் ஆகும், ரிவியூவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் உங்களால் பதில் சொல்ல முடியும்.

கைடைப் பார்க்க நாளைக்கே நேரம் கேளுங்கள். எடிட்டருக்கு எழுதும் மெயிலின் வரைவை அனுப்பும் முன் எனக்குக் காட்டினால் அன்றே பார்த்துத் தருகிறேன். ஜர்னலின் பெயர் கிடைத்ததும் அதையும் எழுதுங்கள். எடிட்டர் குழுவில் போட்டிருப்பவர்கள் உண்மையிலேயே அந்த ஜர்னலில் இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன். அங்கேயும் பெயர்களைத் திருடிப் போடுவது உண்டு.